இரும்பு புல்லட்டா, புது புல்லட்டா, நடுவில் இருப்பதா?

அண்ணன் மகனுக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்து எட்டு மாதம் ஆகிறது. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகத் தினமும் போய்வருகிறான். போக வர எழுபது கிலோமீட்டர். இதுவரை கம்பெனி பஸ்தான். போன மாதம் வீட்டுக்கு வந்தவன் என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "சித்தப்பா, இதே மாதிரி ஒண்ணு எனக்கும் பார்த்துக் குடுங்க" என்றான். என்னுடையது அப்பா 1987இல் வாங்கிய புல்லட். வலது காலில் கியர், இடது காலில் பிரேக்.

வருடத்துக்கு நாலு பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள் என்பதால், அவனிடம் சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். 'புல்லட் வாங்கப் போறேன்' என்று ஒருவர் சொன்னால் அது மூன்று வேறு வேறு வண்டிகளில் எதுவாகவும் இருக்கலாம். ஒன்று, 2010ஐ ஒட்டி நின்றுபோன பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் வண்டி. எங்கள் பக்கம் 'இரும்பு புல்லட்' என்றால் போதும். இரண்டு, அதற்குப் பிறகு பத்து வருடம் போல ஓடிய யூசிஇ (யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன் இன்ஜின்) வண்டி. இப்போது செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். மூன்று, ஷோரூமில் இன்று நிற்கும் ஜே சீரிஸ் வண்டி. நூறடி தூரத்தில் நின்று பார்த்தால் மூன்றும் ஒரே ஜாடை. அதே கண்ணீர்த்துளி டேங்க், ஹெட்லைட்டுக்கு மேலே புருவம்போல அதே இரண்டு சின்ன விளக்குகள். கிளாசிக், தண்டர்பேர்ட் என்று பெயர் வேறாக இருந்தாலும் ஊரில் எல்லாமே புல்லட்தான். ஆனால் உள்ளே இருக்கும் இன்ஜின் மூன்றுக்கும் மூன்று தலைமுறை. ஒன்றின் நட்டு மற்றொன்றுக்குச் சேராது. ஜாடை மட்டும் எப்படி ஒட்டிக்கொண்டு வந்தது என்று தெரிந்தால் தேர்வு கொஞ்சம் சுலபமாகும்.

ராயல் என்ஃபீல்ட் பிறந்தது இங்கிலாந்தில் ரெடிச் என்ற ஊரில். ஊசி செய்வதற்குப் பேர் போன ஊர் அது. 1890களில் அங்கே சைக்கிள் செய்துகொண்டிருந்தவர்களுக்கு, என்ஃபீல்ட் என்ற இடத்தில் இருந்த அரசு துப்பாக்கி ஆலைக்கு உதிரிபாகம் செய்யும் வேலை கிடைத்தது. அந்தப் பெருமையில் இடத்தின் பெயரையே சைக்கிளுக்கு வைத்தார்கள், 'துப்பாக்கிபோலச் செய்தது' என்பதை விளம்பர வாசகமாக்கினார்கள். முதல் மோட்டார் சைக்கிள் 1901இல் வந்தது. 'புல்லட்' என்ற பெயர் 1932இல். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உள்ள உறவு அப்படித்தான் வந்தது. நம் ஊரில் பலர் 'புல்லட்' என்பதையே கம்பெனிப் பெயராக நினைக்கிறார்கள். அதிலும் தப்பில்லை, கம்பெனியைக் காப்பாற்றியதே அந்த ஒரு வண்டிதான்.

நமக்குத் தெரிந்த புல்லட்டின் அசல் உருவம் 1949இல் வந்த 350 சிசி வண்டி. பின்சக்கரத்துக்கும் நல்ல சஸ்பென்ஷன் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு அது பெரிய விஷயம். குண்டும் குழியுமான பாதையில் தாங்கும் என்று பெயர் வாங்கியது. எல்லைப் பகுதிக்கு வண்டி தேடிக்கொண்டிருந்த இந்திய ராணுவம் 1952இல், இங்கே அந்த வண்டிகளை விற்றுவந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் மூலமாக நூற்றுக்கணக்கில் வண்டிகள் கேட்டது. இத்தனை வண்டி தொடர்ந்து வேண்டுமென்றால் இங்கேயே செய்வதுதான் சரி என்று 1955இல் ரெடிச்காரர்களும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. 1956 முடிவதற்குள் அங்கிருந்து வெளியே வந்தவை 163 வண்டிகள். பெட்டியில் வந்த பாகங்களை இங்கே பூட்டியதுதான். 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ரெடிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் மிச்சமிருந்ததும் முடிந்தது. தாய்வீடு பாழாகிவிட்டது, திருவொற்றியூரில் மகள் வீடு மட்டும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஜப்பான் வண்டிகள் உலகத்தையே புரட்டிப் போட்ட அந்த இருபது வருடங்களில் இங்கே வெளிநாட்டு வண்டி உள்ளே வர வழியில்லை. போலீஸும் ராணுவமும் வருடா வருடம் வாங்கிக்கொண்டிருந்தன. மாற்றவேண்டிய அவசியமும் இல்லை, மாற்றப் பணமும் இல்லை. அதனால் 1950களின் ஆங்கிலேய மோட்டார் சைக்கிள் ஒன்று 1990களிலும் ஷோரூமில் புதிதாகக் கிடைத்தது. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். அங்கே அதை வாங்கியவர்களுக்குத் தங்கள் இளமைக்காலம் பெட்டி பிரிக்காமல் திரும்பி வந்ததுபோல் இருந்திருக்கும்.

பாரம்பரியத்தைக் கட்டிக் காத்தார்கள் என்று இன்று விளம்பரங்களைப் பார்த்துவிட்டுப் பேசுபவர்கள் உண்டு. என் அபிப்பிராயத்தில் அது கட்டிக் காத்தது அல்ல, கைவசம் வேறு இல்லாதது. மாற்ற முயன்றபோதெல்லாம் கை சுட்டது. எண்பதுகளில் சில்வர் பிளஸ், எக்ஸ்ப்ளோரர், ஃப்யூரி என்று டூ ஸ்ட்ரோக் வண்டிகள் விட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் நிற்கவில்லை. தொண்ணூறுகளில் 325 சிசியில் டீசல் புல்லட் வந்தது. ஆறரை குதிரைத்திறன்தான், மேடு ஏறும்போது பெருமூச்சு விடும். ஆனால் ஒரு லிட்டர் டீசலில் எழுபது கிலோமீட்டர் போகும் என்பதால் வயல்காட்டுப் பக்கம் அதற்கும் ஒரு கூட்டம் இருந்தது. 1994இல் கம்பெனி ஐஷர் குழுமத்தின் கைக்குப் போனது. 'ராயல்' என்ற அடைமொழி திரும்பி வந்ததும் அப்போதுதான். 2000இல், மூடிவிடலாமா என்ற பேச்சு இருந்த சமயத்தில், ஐஷர் முதலாளியின் மகனான 26 வயது சித்தார்த்த லால் பொறுப்பேற்றார். வண்டியின் உருவத்தைத் தொடாமல் இன்ஜினை மட்டும் மாற்றுவது என்ற இன்றைய வழி அவர் காலத்தில் தொடங்கியது. அந்த வழியில் வந்தவைதான் நம் இரண்டாவது, மூன்றாவது வண்டிகள்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இரும்பு புல்லட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள். அதனால் ஒரே ஒரு விஷயம், கிளப்புவது. பெட்ரோல் குழாயைத் திறக்கவேண்டும். குளிர்காலம் என்றால் சோக். சாவியைத் திருப்பிவிட்டு கிக்கரை மெதுவாக அழுத்தவேண்டும், உதைக்கக்கூடாது. ஹெட்லைட் மேலே குட்டி கடிகாரம்போல ஆம்பியர் மீட்டர் இருக்கிறதே, அதன் முள் அசையும். காலுக்குக் கீழே ஓர் இடத்தில் கிக்கர் கல்லாக நிற்கும். அங்கே இடது கையில் டீகம்ப்ரெஸர் லீவரை (சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடுவது) பிடித்துக்கொண்டு, கிக்கரை இன்னும் ஒரு விரல்கடை இறக்கவேண்டும். முள் நட்ட நடுவில் வந்து நிற்கும். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, இப்போது உடம்பின் எடையெல்லாம் ஒரு காலில் இறக்கி ஒரே மிதி. எல்லாம் சரியாக இருந்தால் ஒரே மிதியில் தட், தட், தட் என்று தூக்கம் கலைந்து பேசத் தொடங்கும். முள் நடுவுக்கு வரும் முன்னே அவசரப்பட்டு உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். எனக்கு ஒரு தடவை அடித்து, பத்து நாள் செருப்புக்கூட போட முடியவில்லை. தப்பு என்னுடையதுதான், கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டது என்று முள்ளைப் பார்க்கவில்லை.

அந்தச் சத்தத்துக்குக் காரணம் மந்திரம் எதுவும் இல்லை. சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். ஒல்லியான, நீளமான சிலிண்டர். உள்ளே கனமான ஃப்ளைவீல். அதனால் இன்ஜின் மெதுவாகச் சுற்றினாலும் அணையாது. ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழும். மொத்தம் 18 குதிரைத்திறன்தான், ஆனால் இரண்டு பேரையும் ஒரு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு நாலாவது கியரில் முப்பது கிலோமீட்டர் வேகத்திலும் முக்காமல் போகும்.

இனி மறுபக்கம். முன்னும் பின்னும் ட்ரம் பிரேக். கியர் வலது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இன்றைய வண்டிகளில் வலது காலை அழுத்தினால் பிரேக், இதில் அழுத்தினால் கியர் கூடும். இரண்டு வருடம் ஸ்கூட்டர் மட்டும் ஓட்டிவிட்டு ஒருநாள் இதை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனேன். முன்னால் ஆட்டோ சட்டென்று நின்றது. வலது கால் தன்னால் அழுத்தியது. இரண்டாவது கியர் மூன்றாவதாயிற்று. கைப்பிரேக்கைப் பிடித்து, ஆட்டோவின் பின்கம்பிக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "என்ன சார், உள்ள வந்து உக்காந்துக்கிறீங்களா?" என்றார்.

பழகிவிட்டால் இதெல்லாம் சரியாகிவிடும். ஆனால் அண்ணன் மகன் போகப்போவது வண்டலூர் வாலாஜாபாத் சாலை. கன்டெய்னர் லாரிகளும், புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய நீள லாரிகளும் எந்த இடத்தில் திரும்பும் என்று சொல்லமுடியாத சாலை. அங்கே காலையிலும் இரவு ஷிஃப்ட் முடிந்தும் ட்ரம் பிரேக்கை நம்பிப் போவதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். இரும்பு புல்லட் அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு அருமையான வண்டி. எண்பதில் அதன் கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்றுகூடத் தெரியாது, அவ்வளவு அதிர்வு.

பராமரிப்பும் சும்மா இல்லை. பாயின்ட் (தீப்பொறி உண்டாக்கும் தொடுமுனை) இடைவெளி, வால்வைத் தள்ளும் டேப்பெட், செயின், கிளட்ச் என்று ஏதாவது ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும். 'ஆயில் ஒழுகவில்லையென்றால் உள்ளே ஆயில் இல்லை' என்று பழைய கேலி ஒன்று உண்டு, அதில் பாதி நிஜம். வாரம் நூறு கிலோமீட்டர் ஓட்டும் எனக்கே மாதத்தில் ஒரு ஞாயிறு காலை அதற்குப் போகிறது. உதிரிபாகம் கிடைப்பதில் பெரிய கஷ்டம் இல்லை, சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை என்று போனால் போலியும் அசலும் எல்லாமே இருக்கிறது. எது எது என்று பிரித்துச் சொல்லும் ஆள்தான் கிடைப்பதில்லை. இந்த இன்ஜினைக் காதால் கேட்டே கோளாறு சொல்லும் மெக்கானிக்குகளுக்கு வயதாகிவிட்டது. அவர்களிடம் வேலை கற்க வரும் பையன்கள் லேப்டாப் இணைத்துப் பார்க்கும் வண்டிகளுக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே இரும்பு புல்லட் ஆசையோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, உன் வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இந்த வண்டிக்கு மெக்கானிக் இருக்கிறாரா என்பதுதான். இருந்தால் அவரையே கூட்டிக்கொண்டு வண்டி பார்க்கப் போகலாம். இல்லையென்றால் படம் பார்த்துச் சந்தோஷப்படுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வாங்குவதென்றே முடிவெடுத்தால், பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், பேப்பரைப் பாருங்கள். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்சி காட்டிப் பதிவைப் புதுப்பிக்கவேண்டும், பசுமை வரி கட்டவேண்டும். புதுப்பிக்காமல் கிடந்த வண்டியை மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்சி புக்கில் இருப்பதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நண்பர் ஒருவருக்காக ஒரு வண்டி பார்க்கப் போனேன். ராணுவ ஏலத்தில் எடுத்தது என்று சொன்னார்கள். பச்சை பெயின்ட் பளபளத்தது. கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தால் இன்ஜின் நம்பர் இருக்கும் இடத்தில் அரம் தேய்த்த கோடுகள். டீகூட குடிக்காமல் திரும்பிவிட்டோம்.

இன்னொன்று, போனவுடன் இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே கிளப்பி ஓடவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த வண்டி எத்தனை மிதியில் கிளம்புகிறது என்பதில்தான் உண்மை இருக்கிறது. நாள்கணக்கில் நின்ற வண்டி கிளம்பியதும் கொஞ்சம் நீலப்புகை விட்டால் பயப்படவேண்டாம், நின்றபோது கீழே இறங்கிய ஆயில்தான் அது. ஐந்து நிமிடம் கழித்தும் விட்டுக்கொண்டிருந்தால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டர் போரோ தேய்ந்துபோயிருக்கிறது, அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

யூசிஇ வண்டிக்கு இவ்வளவு பேச்சு தேவையில்லை. இன்ஜினும் கியர்பாக்ஸும் தனித்தனியாக இருந்ததை ஒரே கூட்டுக்குள் வைத்துவிட்டார்கள். ஆயில் ஒழுகல் முக்கால்வாசி அதோடு போயிற்று. அலுமினிய சிலிண்டர், டேப்பெட்டைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் அமைப்பு, ஐந்து கியர், எல்லாரும் பழகிய இடது காலிலேயே கியர். ஆனால் அந்த 70க்கு 90 அளவை விடவில்லை, அதனால் சத்தத்தில் பழைய வாடை மிச்சம் இருக்கிறது. சக்தி ஏறத்தாழ 20 குதிரைத்திறன், எடை 190 கிலோவுக்கு மேல். கிக்கரும் உண்டு, பெரும்பாலானவற்றில் செல்ஃபும் உண்டு. அதிர்வை அடக்கும் பேலன்சர் ஷாஃப்ட் மட்டும் இல்லை. எண்பதைத் தாண்டினால் கைப்பிடியும் கால்கட்டையும் கூசத் தொடங்கும்.

பழைய வண்டி ரசிகர்கள் இதைப் புல்லட் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்கள், புது வண்டிக்காரர்கள் இதைப் பழசு என்பார்கள். இரண்டு பக்கமும் சேர்க்காததால் விலை நியாயமாக இருக்கிறது. கிளாசிக் 350 விற்ற விற்பனைக்குத் தமிழ்நாட்டில் இந்த இன்ஜின் தெரியாத மெக்கானிக் கிடையாது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானதாக இருந்தால் ஏபிஎஸ் கட்டாயம் இருக்கும், அதைப் பார்த்து எடுப்பது உத்தமம். பார்க்கவேண்டிய இடம் செல்ஃப் ஸ்டார்ட். குளிர்ந்த வண்டியில் பட்டனை அழுத்தும்போது உள்ளே 'கரக்' என்று இரும்பு வழுக்கும் சத்தம் வந்தால் ஸ்டார்ட்டரின் ஸ்ப்ராக் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. இன்ஜினின் பக்கத்து மூடியைக் கழற்றிச் செய்யவேண்டிய வேலை. பெரும்பாலும் செத்துப்போன பேட்டரியை வைத்துக்கொண்டு செல்ஃபையே அழுத்திக்கொண்டிருந்தவர்களின் கைங்கரியம்.

மூன்றாவது, இன்றைய வண்டி. ஜே சீரிஸ் இன்ஜின் 2020இல் மீட்டியார் என்ற மாடலில் வந்தது, 2021இல் கிளாசிக்குக்கும் 2023இல் புல்லட்டுக்கும் ஏறியது. இதில் பழையது என்று சொல்ல உள்ளே எதுவுமே இல்லை. சிலிண்டர் 72க்கு 85.8, புஷ்ராடு போய் மேலேயே கேம்ஷாஃப்ட், பேலன்சர் ஷாஃப்ட், ஃப்யூல் இன்ஜெக்ஷன். 20.2 குதிரைத்திறன், 27 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் பார்த்தால் யூசிஇயிலிருந்து பெரிய வித்தியாசம் தெரியாது, ஓட்டிப் பார்த்தால் வேறு வண்டி. எண்பதில் கண்ணாடியில் பின்னால் வரும் லாரியின் நம்பர் பிளேட்டைப் படிக்கலாம். வளைவில் சேஸிஸ் நெளிவதில்லை. டிஸ்க் பிரேக்கும் ஏபிஎஸ்ஸும் சொன்ன இடத்தில் நிறுத்துகின்றன. 195 கிலோ எடை, பார்க்கிங்கில் தள்ளும்போது மட்டும் தெரியும்.

குறை என்றால், கிக்கர் கிடையாது. பேட்டரி இறங்கினால் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளவேண்டியதுதான். சத்தமும் அடக்கம். மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் சைலன்ஸரின் வாயைக் கட்டிவிட்டன. அதற்காக வெளிக்கடையில் விற்கும் சைலன்ஸரை வாங்கிப் போட்டு ஊரை எழுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். பழைய புல்லட்டின் சத்தம் தாழ்ந்தது, தெருமுனையில் திரும்பும்போதே அப்பா வந்துவிட்டார் என்று சொல்லும். இது தெருவுக்கே காது அடைக்கிறது. ஷோரூம் வண்டியில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், சில வகைகளின் டேங்கில் ஓடும் பொன்நிறக் கோடு. ஸ்டிக்கர் இல்லை. இன்றும் தூரிகை பிடித்துக் கையால் இழுக்கிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் கோடு தொடங்கும் இடத்தில் மயிரிழை தடிப்பாக இருக்கும்.

விலையில் ஒரு நல்ல காலம் நடக்கிறது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியை மாற்றியபோது 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கியது. புல்லட் 349 சிசி, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நூலில் நிற்கிறது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம். ஆகவே இரட்டை சிலிண்டர் 650 வண்டிகள் பக்கம் கண் போனாலும், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆன பையனுக்கு அதைப் பற்றி நான் பேசவில்லை.

வேறு கம்பெனிகளைப் பார்க்கவேண்டாமா என்றால், பார்க்கலாம். 2020இல் வந்த ஹோண்டா சிபி350 சொகுசில் குறை சொல்ல முடியாத வண்டி. மைசூரில் ஒருகாலத்தில் செய்த ஜாவாவும் 2018இல் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் "புல்லட் வேணும்" என்று வந்தவனிடம் ஹோண்டாவைக் காட்டுவது, பொங்கல் கேட்டவனுக்கு ஓட்ஸ் கொடுப்பது மாதிரி. உடம்புக்கு நல்லதுதான், கேட்டது அது இல்லை.

இனி அவனுடைய கணக்கு. தினம் எழுபது கிலோமீட்டர், மாதம் இருபத்தைந்து நாள் என்றால் 1,750 கிலோமீட்டர். மூன்று வண்டிகளும் லிட்டருக்கு முப்பதிலிருந்து முப்பத்தைந்துக்குள்தான் கொடுக்கும். மாதம் ஐம்பதிலிருந்து அறுபது லிட்டருக்குள், ஏறத்தாழ ஐயாயிரத்திலிருந்து ஆறாயிரம் ரூபாய். ஒரு 125 சிசி வண்டியில் இதில் பாதியை ஒட்டித்தான் ஆகும். பெட்ரோல் கணக்கு மட்டும் பார்ப்பவன் புல்லட் கடைப் படியே ஏறமாட்டான். ஆனால் மூன்றுக்கும் ஒரே செலவு என்பதால், எந்தப் புல்லட் என்ற கேள்விக்கு மைலேஜ் பதில் சொல்லாது.

வருடத்துக்கு 21,000 கிலோமீட்டர் என்பதுதான் பதில் சொல்கிறது. புது வண்டிக்கு ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ், வருடத்தில் நாலு தடவை விட்டு எடுத்தால் முடிந்தது. யூசிஇக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம். இரும்பு வண்டியில் அந்த ஓட்டம் ஓடினால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று அவனுக்கு இருக்காது. மழைநாளில் இரவு பதினோரு மணி ஷிஃப்ட் முடிந்து தென்னேரிப் பக்கம் எங்காவது பாயின்ட் நனைந்து நின்றால், அங்கிருந்து எனக்குத்தான் போன் வரும்.

அதனால் அவனிடம் நேராகவே சொன்னேன். வாரத்துக்கு ஒருநாள் ஓட்ட, வீட்டில் வேறு வண்டியும் இருந்து, பக்கத்தில் மெக்கானிக்கும் இருந்தால் இரும்பு புல்லட் எடு. தினசரி வேலைக்கு என்றால் புதுசு எடு. கடன் வேண்டாம் என்றால் 2019க்குப் பிறகான யூசிஇ எடு. அழகாக ரெஸ்டோர் செய்து, ஒரு லட்சத்துக்கு மேல் விலை சொல்லி, போட்டோவில் மட்டும் மினுங்கும் வண்டிகள் பக்கம் போகாதே. யாரோ ஒருவருடைய பெயின்ட் செலவுக்கு நீ பணம் கொடுப்பாய், இன்ஜின் செலவு அப்புறம் தனியாக வரும்.

அவனுக்கு மனம் கேட்கவில்லை. என் வண்டியைக் கிளப்பிப் பார்க்கிறேன் என்றான். முள்ளையும் லீவரையும் இரண்டு தரம் சொல்லிக் கொடுத்தேன். ஆபீஸ் ஷூவோடு பதினான்கு மிதி மிதித்தான், பதினைந்தாவதில் கிளம்பியது. சட்டை முதுகெல்லாம் நனைந்து சிரித்துக்கொண்டு நின்றான். தெருக்கோடிவரை ஓட்டிவிட்டு வந்து, "நியூட்ரல் எங்க சித்தப்பா?" என்றான். குதிகாலால் அழுத்தும் குட்டி லீவரைக் காட்டினேன். அதற்குப் பிறகு பத்து நிமிடம் வண்டியைப் பற்றி எதுவும் பேசவில்லை. காப்பி குடித்துவிட்டு, புது வண்டிக்கு மாதத் தவணை எவ்வளவு வரும் என்று போனில் கணக்குப் போட ஆரம்பித்தான்.

நேற்றுக் கூப்பிட்டான். தவணை கொஞ்சம் கடிக்கிறதாம். வாலாஜாபாத்தில் ஒரு வங்கி ஊழியர், முதல் கை, 2019 டிசம்பரில் பதிவான கிளாசிக், ஏபிஎஸ் உண்டு, ஓடியது பதினெட்டாயிரம் கிலோமீட்டர் என்று சொல்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பார்க்க வருகிறோம், அதுவரை வண்டியைக் கிளப்பவேண்டாம் என்று அவரிடம் சொல்லிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.